ஏணியின் எடையை மறந்தவருக்கு

பெருமதிப்பிற்குரிய ஐயா,

கலைக்கடலே என்று அழைத்தால் ஆழத்தை அளந்தது யார் என்று கேட்பீர்கள். கல்விச்சுடரே என்றால் எத்தனை வாட் என்பீர்கள். ஆகவே சரிபார்க்கக் கூடியவற்றை மட்டும் சொல்லி அழைக்கிறோம். முப்பத்து மூன்று ஆண்டு ஏழு மாதம் விசையியல் கற்பித்தவரே! வாரந்தோறும் வீட்டுக்கணக்கு நோட்டுகளை இரண்டு பைகளில் சுமந்தவரே! 'படம் எங்கே' என்று கேட்டுக் கேட்டே 'படமெங்கே சார்' என்று பெயர் வாங்கியவரே! வணக்கம்.

இம்மடலின் முதல் வரைவில் முப்பத்து நான்கு ஆண்டு என்றுதான் எழுதியிருந்தோம். பி பிரிவு மேடம் அலுவலகத்துக்குப் போய்ப் பணிப்பதிவேட்டைப் பார்த்துவிட்டு வந்து ஐந்து மாதத்தைக் குறைத்தார். கேட்டதற்கு, "அவர் கையிலதானே குடுக்கப் போறோம்" என்றார்.

உங்கள் நற்குணங்களை வரிசைப்படுத்தினால் முதலில் வருவது சந்தேகம். இரண்டாவதும் அதுதான். தவறான விடைக்கு நீங்கள் கோபித்ததில்லை. சரியான விடையைக் கண்டால்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு நிமிர்வீர்கள். விடை முழு எண்ணாக வந்துவிட்டால் இன்னும் மோசம். 'உராய்வற்ற தளத்தில் ஒரு கட்டை' என்று ஒரு மாணவி வாசித்தபோது, "அப்படி ஒரு தளம் எங்கம்மா இருக்கு? முகவரி குடு, போய்ப் பாக்கலாம்" என்றவர் நீங்கள். ஆய்வகத்தின் வில் தராசை ஒவ்வொரு பருவமும் சோதிப்பீர்கள். சோதனைக்குப் பயன்படும் எடைக்கற்களை வேறொரு தராசில் சோதிப்பீர்கள். அந்தத் தராசை யார் சோதித்தது என்று ஆய்வகத்து அண்ணன் கேட்ட நாளில் மட்டும் நீங்கள் பதில் சொல்லாமல் தேநீர் குடிக்கப் போனீர்கள்.

அந்தச் சந்தேகம் ஒருமுறை உங்கள் பக்கமே திரும்பியது. அதை விட்டுவிட்டு உங்களைப் பாராட்டினால் பாதிப் படம் வரைந்தது போலாகும். சொல்லலாம் என்று பி பிரிவு மேடமே அனுமதி கொடுத்துவிட்டார்.

இரண்டரை ஆண்டுக்கு முன், அவர் துறையில் சேர்ந்த முதல் பருவம் அது. முதலாண்டு ஏ பிரிவு உங்களுக்கு, பி பிரிவு அவருக்கு. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பதால் வீட்டுக்கணக்கு நோட்டுகளை மாற்றித் திருத்துவது இத்துறையின் வழக்கம். உங்கள் மாணவர்களின் நாற்பத்து மூன்று நோட்டு அவரிடம் போகும். அவருடைய நாற்பது உங்களிடம் வரும். விடைப் பதிவேடு இரும்பு பீரோவில் இருக்கும். திருத்தும் நாளில் அதை நீங்கள் திறந்துவைப்பீர்கள். சாவி ஒன்றே ஒன்று. அது உங்கள் சட்டைப்பையில்.

ஆறாம் வாரத்து எட்டாம் கணக்கு ஏணிக் கணக்கு. ஐந்து மீட்டர் ஏணி வழவழப்பான சுவரில் சாய்ந்திருக்கிறது. அடி சுவரிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி. ஏணியின் எடை இருநூற்று நாற்பது நியூட்டன், ஏறுபவரின் எடை அறுநூறு. தரையின் உராய்வுக் கெழு 0.45. ஏணி வழுக்குவதற்குள் அவர் எவ்வளவு தூரம் ஏறலாம்?

மேடம் முதலில் தானே போட்டுப் பார்த்தார். 3.2 மீட்டர். பிறகு நோட்டுகளைத் திறந்தார். முதல் நோட்டில் 3. இரண்டாவதில் 3. பத்தாவது நோட்டில் பேனாவைக் கீழே வைத்தார். நாற்பத்தொரு நோட்டில் 3 மீட்டர். இரண்டில் மட்டும் 3.2.

பதிவேட்டைப் புரட்டினார். உங்கள் கையெழுத்தில், பச்சை மையில், இரண்டு கோடு போட்டு: 3 மீ.

பூட்டியிருக்கும் பதிவேட்டில் ஒரு தவறு. அதே தவறு நாற்பத்தொரு பேரிடம். வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது என்று அவர் முடிவு செய்ய அதிக நேரம் ஆகவில்லை.

ஆய்வகத்துக்குப் போனார்.

"அண்ணே, பீரோ சாவி வேற யார்கிட்டயாவது இருக்கா?"

"சார்கிட்ட ஒண்ணு. கடவுள்கிட்ட ஒண்ணு இருந்தாலும் இருக்கும். ஆனா சார் அவரை நம்பிக் குடுத்திருக்க மாட்டார்."

அதன்பின் அவர் உங்களைக் கவனிக்கத் தொடங்கினார். அந்த வாரம் முழுக்க ஒரு பையை மார்போடு அணைத்துக்கொண்டே நடந்தீர்கள். சாப்பிடப் போனாலும் பை கூடவே வந்தது. அவர் அறைக்குள் வந்தால் எதையோ மூடினீர்கள். பேச்சு நின்றது. ஒருநாள் நடைவழியில் ஏ பிரிவு மாணவர் இருவர் உங்களிடம் கைநீட்டி எதையோ வாங்கினார்கள். அவர் தூணருகே நின்று பார்த்தார். சுண்ணக்கட்டி. அதைக்கூட அவர் நம்பவில்லை.

துறைத்தலைவரிடம் கடிதம் போனது. நாற்பத்தொரு பேருக்கும் ஆறாம் வாரத்துக்குச் சுழியம். சாவி பற்றி விசாரணை. இரண்டையும் மேடம் கேட்டிருந்தார். அகமதிப்பீட்டில் ஒரு வாரம் சுழியமானால் அந்தப் பாடத்தை மறு ஆண்டு மீண்டும் படிக்க வேண்டும் என்பது விதி. நாற்பத்தொரு பேரின் ஓராண்டும் உங்கள் முப்பத்தோராண்டுப் பெயரும் அந்த ஒரு தாளில் இருந்தன.

"எழுத்துல குடுத்துட்டா திரும்ப எடுக்க முடியாது மேடம்," என்றார் துறைத்தலைவர். "அவர் ஓய்வுபெற இன்னும் ரெண்டரை வருஷம்தான்."

"நாப்பத்தொரு பேருக்கு ஒரே தப்பு எப்படி சார் வரும்?"

துறைத்தலைவர் கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டார். வியாழன் பிற்பகல் இருவரையும் அழைத்தார்.

நீங்கள் அந்தப் பையோடு வந்தீர்கள். மேடம் பேசத் தொடங்குமுன், "நானும் ஒரு புகார் கொண்டாந்திருக்கேன்" என்று சொல்லிப் பையைக் கவிழ்த்தீர்கள். நாற்பது நோட்டுகள். பி பிரிவு.

"விடை சரி. நாப்பது பேருக்கும் 3.2. பதிவேட்டுல மூணுன்னு இருக்கு, அதைப் பிறகு பாக்கலாம். முதல்ல இந்த அம்பைப் பாருங்க. சுவர் ஏணியை இந்தப் பக்கம் தள்ளுது. தரையோட உராய்வும் இந்தப் பக்கமே தள்ளுது. அப்புறம் ஏணி எதை நம்பி நிக்குது?"

துறைத்தலைவர் எட்டிப் பார்த்தார்.

"மூணாவது வரியில கழித்தல் குறி இருக்கு. நாலாவது வரியில இல்ல. நாப்பது நோட்டுலயும் அதே இடத்துல காணாமப் போயிருக்கு. யாரோ விடையைச் சொல்லிக் குடுத்திருக்காங்க. நாலு நாளா பையைக் கீழ வைக்கல நான்."

"ரெண்டு பேரும் ஒருத்தர் மேல ஒருத்தர் புகாரோட வந்திருக்கீங்க," என்றார் துறைத்தலைவர். "எதை முதல்ல படிக்கறது? நாணயம் சுண்டிப் போடட்டுமா?"

மேடம் ஒரு நோட்டை எடுத்துப் பார்த்தார். சுவரை விட்டு விலகிப் போகும் அந்த உராய்வு அம்பு. வால் கொஞ்சம் வளைந்திருந்தது. அவர் கரும்பலகையில் போடும் அம்புகளின் வால் அப்படித்தான் வளையும்.

அந்தப் பலகை எப்போதோ துடைக்கப்பட்டுவிட்டது. பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. நாற்பது பேரும் பார்த்து எழுதினார்கள் என்று அவர்கள் தலையிலேயே கட்டியிருக்கலாம். அப்படிக் கட்டலாமா என்று ஒரு கணம் நினைத்ததாக அவரே பிற்பாடு எங்களிடம் சொன்னார்.

"அது என் அம்பு சார்," என்றார். "வகுப்புல வழி சொல்லிக் குடுக்கறப்ப நான்தான் தலைகீழாப் போட்டேன். கழித்தல் வந்துச்சு. மணி அடிக்கப் போகுதுன்னு விரலாலயே அழிச்சிட்டேன். விடை சரியா வந்துடுச்சேன்னு விட்டுட்டேன். அவங்க பாத்ததைத்தான் எழுதியிருக்காங்க."

நீங்கள் அவரைப் பாராட்டவும் இல்லை, குறைசொல்லவும் இல்லை. ஏ பிரிவு நோட்டு ஒன்றுக்குக் கை நீட்டினீர்கள்.

"படம் எங்கே?"

அவர் திறந்து கொடுத்தார். பேனா முனையால் அம்புகளை எண்ணினீர்கள். சுவர். தரை. உராய்வு. ஏறுபவர். நான்கு. மறுபடி எண்ணினீர்கள். இன்னொரு நோட்டை வாங்கி எண்ணினீர்கள். வெளியே யாரோ மேசையை இழுத்துக்கொண்டு போகும் சத்தம் தூரம் போய் அடங்கியது.

"ஏணிக்கு எடை இல்லையா?" என்றீர்கள்.

நோட்டை மேசைமேல் வைத்தீர்கள்.

"இது என் படம்."

வீட்டுக்கணக்குக்குப் பலகையில் படம் மட்டும் போட்டுத் தருவது உங்கள் வழக்கம். கணக்கை அவர்களே போட வேண்டும். அவர்களே போட்டிருந்தார்கள். ஒருவர் திருப்புத்திறனில் தொடங்கியிருந்தார், ஒருவர் உராய்வில், ஒருத்தி மூன்று இடத்தில் அடித்துத் திருத்தியிருந்தாள். வேலை அவர்களுடையது. படம் உங்களுடையது. ஏணியின் எடையை விட்டால் விடை சரியாக 3.

துறைத்தலைவர் வருகைப் பதிவேட்டை வரவழைத்தார். 3.2 போட்ட இருவரும் நீங்கள் படம் போட்ட அன்று வகுப்புக்கே வரவில்லை.

"வராதவங்கதான் சரியாப் போட்டிருக்காங்க," என்றார் அவர். "இது இந்த அறையை விட்டு வெளிய போகக் கூடாது. நாளைக்கு ஒருத்தரும் வர மாட்டாங்க."

நீங்கள் சிரிக்கவில்லை. விடைப் பதிவேட்டில் அந்தப் பக்கத்தின் தேதியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உங்களோடு இதுவரை பி பிரிவு எடுத்தவர்கள் எல்லோரும் அந்தப் பச்சை மையை நம்பியே திருத்தியிருந்தார்கள். தானே போட்டுப் பார்த்த முதல் ஆள் இந்த மேடம்.

"பத்தொன்பது வருஷமா எடையே இல்லாத ஏணியில ஆளை ஏத்தியிருக்கேன்," என்றீர்கள். "மூணுன்னு முழுசா வந்தப்பவே சந்தேகப்பட்டிருக்கணும்."

மேடம் தம் கடிதத்தை எடுத்துக் கிழிக்கப் போனார். தடுத்தீர்கள். "கிழிக்காதீங்க. அது சரியான சந்தேகம். ஆள்தான் தப்பு. கோப்புல இருக்கட்டும்." இன்றும் இருக்கிறது.

மறுநாள் பதிவேட்டில் 3 என்பதை அடிக்காமல், பக்கத்தில் சிவப்பு மையில் 3.2 என்று எழுதித் தேதியோடு கையொப்பமிட்டீர்கள். எண்பத்து மூன்று மாணவருக்கும் மதிப்பெண் கிடைத்தது. படத்துக்கு உரிய இரண்டு மதிப்பெண்ணைக் குறைத்தே ஆக வேண்டும் என்றீர்கள். யாருக்கு என்று கேட்டார்கள். ஏ பிரிவுப் பட்டியலில் நாற்பத்து நான்காவது வரிசை ஒன்று சேர்த்து 'படமெங்கே' என்று எழுதி எதிரே கழித்தல் இரண்டு போட்டீர்கள். பி பிரிவுப் பட்டியலில் நாற்பத்தொன்றாவது வரிசையை மேடம் தாமே எழுதிக்கொண்டார். கழித்தல் குறியை இம்முறை நன்றாக அழுத்திப் போட்டார்.

அடுத்த திங்கள் பீரோவுக்கு இரண்டாம் சாவி வந்தது. அதை மேடத்தின் மேசையில் வைத்துவிட்டு, "சாவி ஒருத்தர்கிட்ட மட்டும் இருந்தா சந்தேகமும் அவர்மேல மட்டும்தான் வரும்" என்றீர்கள். அதற்குப் பிறகு வகுப்புக்குப் போகுமுன் இருவரும் ஒருவர் படத்தை மற்றவரிடம் காட்டினீர்கள். இந்த இரண்டரை ஆண்டில் உங்கள் படத்தில் அவர் நான்கு தவறு கண்டார். அவர் படத்தில் நீங்கள் பதினொன்று. கணக்கு அவரிடம் இருக்கிறது. நான்கா ஐந்தா என்று உங்களுக்கு இன்னும் ஒரு வழக்கு இருப்பதும் தெரியும்.

நேற்று மாலை உங்கள் சாவியை ஒப்படைத்தீர்கள். பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்கிக்கொண்டுதான் போனீர்கள்.

ஐயா, இம்மடலைச் சட்டமிட்டுத் தருகிறோம். பின்பலகையை ஆணி அடித்து மூடவில்லை. நான்கு கொக்கி மட்டும் போட்டிருக்கிறோம். வீட்டுக்குப் போனதும் கழற்றுவீர்கள் என்று தெரியும். திருத்தத்துக்காக ஓரத்தில் இடமும் விட்டிருக்கிறோம்.

நீங்கள் நெடுநாள் நலமாக வாழ வேண்டும். நன்றாகத்தான் இருக்கிறீர்கள் என்று எந்த மருத்துவர் சொன்னாலும் நம்பிவிடாதீர்கள். படம் எங்கே என்று கேளுங்கள். வீட்டில் பரண்மேல் எதையாவது எடுக்க ஏணியில் ஏறினால், மூன்று புள்ளி இரண்டு மீட்டர் வரை போகலாம் என்று கணக்கு சொல்கிறது. நீங்களும் மேடமும் தனித்தனியே போட்டுச் சரிபார்த்த கணக்கு அது.

ஆனாலும் மூன்றோடு நில்லுங்கள்.

என்றும் உங்களைச் சரிபார்க்கும்,
விசையியல் துறை ஆசிரியர்களும் ஆய்வகத்து அண்ணனும்

படம் பின்பக்கத்தில் இருக்கிறது. வரைந்தவர் பி பிரிவு மேடம். அம்புகள் ஐந்து. எண்ணிப் பார்த்துக்கொள்ளவும்.