வெள்ளைக்கல் வளைவு

— ரூபா, கொஞ்சம் பின்னால வாம்மா. ரிப்பனைத் தாண்டி நிக்கறே பாரு. விசில் ஊதப் போறாங்க.

— நான் எங்க மாமா தாண்டினேன்? ரிப்பன்தான் காத்துல என் மேல வந்து உழுது. காலையில அஞ்சு மணிக்கு இட்டாந்தீங்க, மணி இப்போ பத்தரை. இன்னும் ஒரு கார் வரலை.

— எருமை ஒண்ணு ரோட்டுல பூந்துகிச்சாம். அதை ஓட்டற வரைக்கும் நிறுத்தி வெச்சுக்கறாங்களாம். இன்னா பண்றது, காட்டுல நடக்கற பந்தயம். எங்கயோ கெளம்பும், எங்கயோ போய்ச் சேரும். நம்ம கண்ணுல படறது அஞ்சு செகண்டு. அதுக்கு அஞ்சு மணி நேரம் கால் கடுக்க நிக்கணும், செம்மண்ணு துன்னணும். போன்ல சிக்னலும் கெடைக்காது. எவன் ஜெயிச்சான்னு வீட்டுக்குப் போனாத்தான் தெரியும்.

— எனக்கா சொல்றீங்க? மூணு வருஷம் சீனுவோட குடித்தனம் பண்ணவ நான்.

— அதுக்கில்லம்மா. ஆட்டோவை மெயின் ரோட்டுலயே உட்டுட்டு ரெண்டு மைல் நடந்து வந்துக்கறே. காலு நோவுதான்னு கேட்டேன்.

— நோவலை.

— பாலத்தாண்ட போயிடலாமா? அங்க நெழலு கீது. தண்ணியில பாய்ஞ்சு வர்றப்போ நல்லா இருக்கும். இந்த வளைவு வாணாம்மா.

— இந்த வளைவுதான் வேணும். வரதய்யபாளையம் பஸ் ஸ்டாண்டுல இருந்து நானும் அதைத்தான் சொல்லிகினு வரேன், நீங்களும் பாலத்தையேதான் சொல்லிகினு வரீங்க.

— பாப்பா அழுதுகினு கெடக்கும். உங்க அத்தை ஒண்டியா இன்னா பண்ணுவா?

— எல்லாம் எடுத்து வெச்சுட்டுத்தான் வந்தேன். தெனம் நான் கம்பெனி பஸ் ஏறிப் போறப்போ அத்தைதானே பாத்துக்கறாங்க. அவரு செத்து ஒரு வருஷம் ஆச்சு மாமா. இந்த ஒரு வருஷத்துல உங்களை நான் கேட்டது இது ஒண்ணுதான். மொத வருஷப் படையலுக்கு முன்னால அந்த எடத்தைக் கண்ணால பாக்கணும்னேன். அவ்வளவுதானே.

— அவ்வளவுதான். பாரு. நல்லாப் பாரு. இங்க இன்னா இருக்குது, மண்ணும் தைல மரமும்.

— போன வருஷம் நாம அந்தாண்ட கரை மேல இருந்தோம், இல்ல?

— சூ! கேளு.

— இன்னா?

— மலை ஓரமா கேளு. மொதல்ல ஈ பறக்கற மாதிரித்தான் இருக்கும். கேக்குதா? நின்னுபோச்சு. பள்ளத்துல எறங்கிட்டான். தோ, மறுபடியும்! மேட்டுல ஏறிட்டான். கொக்கு கெளம்புது பாரு, கொக்கு! இனிமே எண்ணு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு... தள்ளிக்கோ, கண்ணை மூடிக்கோ, வந்துட்டான்!

— அம்மாடியோ!

— பாத்தியா! பாத்தியா! பின்பக்கத்தைத் தூக்கிப் போட்டு எப்படி ஒடிச்சுகினு போறான் பாரு! கல்லு நம்ம காலுகிட்ட வந்து தெறிக்குது. கெட்டிக்காரன்டா டேய்! ஒரு சாண்தான், ஒரு சாண் தள்ளியிருந்தா அந்த மரத்துலதான்...

— ஏன் மாமா நிறுத்திட்டீங்க?

— ஒண்ணுமில்ல. பாழாப்போன புத்தி. பெத்த புள்ளையைத் துன்ன வளைவுல நின்னுகினு கை தட்டறேன் பாரு. என்னையெல்லாம் செருப்பால அடிக்கணும்.

— உடுங்க. ஒரு வருஷம் கழிச்சு உங்க மொகத்துல சிரிப்பைப் பாத்தேன். அவரும் இப்படித்தான். கார் போய் தூசி அடங்கற வரைக்கும் வாயைத் தொறந்துகினு நிப்பாரு. வாய் நெறைய மண்ணு.

— சின்னதுல இருந்தே அப்படித்தான். நான்தான் இட்டாந்து பழக்கினேன். கோயிலுக்கு இட்டுகினு போயிருந்தாலும் புண்ணியம்.

— உதயா காருக்கு இன்னா நெம்பரு?

— ஏழு. ரெண்டு நிமிஷத்துக்கு ஒண்ணு உடறான். இன்னும் அஞ்சு கார் தாண்டினா அவன்தான். பக்கத்துல, நம்ம சீனு குந்தற சீட்டுல, புதுசா எவனோ ஒரு பையனைக் குந்த வெச்சுக்கறான். பையில இன்னாம்மா தேடறே?

— அவரு நோட்டு.

— ஐயோ, அதை ஏன் எடுத்தாந்தே?

— உதயா வர்றப்போ நான் இதை இங்க நின்னு படிக்கணும் மாமா. ஓட்டறவருக்கு எந்த எடத்துல இன்னா கத்திச் சொல்லணும்னு அவரு எழுதி வெச்சது அத்தனையும் இதுல இருக்குது. பந்தயத்துக்கு மூணு நாள் முன்னால மெதுவா ஓட்டிப் பாத்து எழுதினது. எல்லாரும் இங்கிலீஷ்ல எழுதுவாங்க, இவரு நம்ம வீட்டுப் பேச்சுலயே எழுதுவாரு. நம்ம பேச்சுல கத்தினாத்தான் உதயாவுக்கு சுருக்குனு ஏறுமாம்.

— தெரியும்மா. விசாரிச்ச கம்மிட்டிக்காரங்க அதைப் பெரட்டிப் பாத்து ஒண்ணும் புரியாம திருப்பிக் குடுத்துட்டாங்க.

— புரியலைன்னா சும்மா இருந்துருக்கலாம். "கோ-டிரைவர் நோட்டுல எடத்தைத் தவற உட்டுட்டான், திருப்பத்தை லேட்டா சொன்னான்"னு எழுதிட்டாங்களே! எங்க கம்பெனியில ஒருத்தி என் மொகத்துக்கு நேராவே கேக்கறா, "உங்க வூட்டுக்காரரு தூங்கிட்டாரா"ன்னு.

— உதயா மேல தப்பில்ல. தூசியில ஓட்டறவனுக்கு ரோடு தெரியாது. காதுல உழறதை வெச்சுத்தான் திருப்புவான்.

— உதயா மேல தப்புன்னு நான் சொன்னேனா? கார்ல இருந்த கேமராவுல அவரு கொரலு இருக்குதே, அதைப் பத்தித்தான் சொல்றேன். கடைசியா இன்னா சொன்னாரு? "காணோமே." ரெண்டு வாட்டி. "காணோமே, காணோமே."

— வாணாம்மா. உடு.

— எப்படி உடறது? அன்னிக்குக் காலையில வண்டி கெளம்பறப்போ அவருகிட்ட நான் இன்னா சொன்னேன் தெரியுமா? "மஞ்சப் பொடவை கட்டிக்கறேன், வளைவுல இருப்பேன், கை ஆட்டுவேன், பாக்காம போனே பேச மாட்டேன்"னு சொன்னேன். வெளையாட்டுக்குத்தான் சொன்னேன் மாமா. அவரு நோட்டைப் பாக்கறதை உட்டுட்டு என்னைத் தேடிக்கறாரு. என்னைத்தான் காணோம்னு சொல்லிக்கறாரு.

— இன்னா பேச்சு பேசறே நீ!

— ஒரு வருஷமா இது ஒண்ணுதான் காதுல கேக்குது. பாப்பாவுக்குப் பால் குடுக்கறப்போ கேக்குது. மிஷின் முன்னால நிக்கறப்போ கேக்குது. யாருகிட்டயும் சொல்லலை. அத்தைகிட்ட சொன்னா என் மொகத்துல முழிப்பாங்களா? காருல இருந்து பாத்தா நான் இருந்த எடம் தெரியுமா தெரியாதா, அதைப் பாத்துட்டுப் போகத்தான் வந்தேன். தெரியாதுன்னா அவரு தேடிகினுதான் செத்துருப்பாரு. நான்தான் கொன்னேன்.

— ரூபா, அப்படி இல்லம்மா. உன்னைத் தேடலை அவன்.

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— தெரியும்.

— எப்படி மாமா?

— அடுத்த வண்டி வருது, தள்ளி நில்லு. பின்னாலயே இன்னொண்ணு ஒட்டிகினு வருது பாரு. மொகத்தை மூடிக்கோ.

— மூக்கெல்லாம் மண்ணு. தூ! ரெண்டுல ஒண்ணுகூட நெம்பரு தெரியலை. சரி, நான் படிக்கறேன், நீங்க பாத்துச் சொல்லுங்க. "ரெட்டைத் தைல மரம்."

— தோ கீது.

— "நேரா எம்பது. மேடு, பயப்படாத, அழுத்து."

— ம். அதுதான் மேடு.

— "வெள்ளைக்கல்லு தெரிஞ்சதும் பிரேக்கு. லெப்ட் வளைவு மூணு, போகப் போக குறுகும்." இந்த "வெள்ளைக்கல்லு"க்கு அடியில ரெண்டு கோடு போட்டுக்கறாரு. வெள்ளைக்கல்லு எங்க மாமா?

— இரு, வரிசையா இன்னும் மூணு வண்டி போவுது. தூசியில தெரியலைம்மா.

— மூணும் போயி தூசியும் அடங்கிப்போச்சே. மேட்டுல இருந்து இந்த மரம் வரைக்கும் வெள்ளையா ஒண்ணுமே இல்ல.

— காட்டு ஆபீஸ்காரங்க எடுத்துருப்பாங்க. உனக்கு எதுக்கு அது?

— ஏமம்மா, ரிப்பன் வெனக்கி போ! பின்னால போ! வண்டி மேல ஏறினா எவரு பதில் சொல்றது?

— கோவிச்சுக்காதீங்க அண்ணா. நீங்க இங்க வேலையா?

— நான் ரங்கையா, ஈ... இந்தக் காட்டுக்கு வாச்சரு. ரேஸ் அன்னிக்கு எனக்கும் ஒரு விசில் குடுத்துட்டாங்க. நுவ்வு... நீ சீனு சம்சாரம் காதா? அய்யோ தல்லி. பேப்பர்ல போட்டோ பாத்தேன். ஈ எடத்துக்கு ஏன் வந்தே?

— அண்ணா, இங்க வெள்ளையா ஒரு கல்லு இருந்துதா?

— ரூபா, அவருக்கு வேலை இருக்குது, உடும்மா.

— உண்டேதி தல்லி, இருந்துச்சு. நெம்பரு கல்லு. காடு நெடுகா ஒண்ணு ஒண்ணா நட்டு வெச்சுக்கறாங்க, சங்கராந்திக்கு சங்கராந்தி நான்தான் சுண்ணாம்பு அடிக்கறது. தோ, நீ நிக்கற எடத்துக்குக் கீழ குழி சூடு, பாரு. அதான் எடம். ஆடு மாடு இடிச்சு இடிச்சு லூசாயிடுச்சு, சும்மா நிறுத்தி வெச்சிருந்தேன்.

— இப்போ எங்க அது?

— போன வருஷம் ரேஸ் அன்னிக்கு பொத்துன, காலையில ஆறு மணிக்கு, நான் ரவுண்டு வந்தப்போ இருந்துச்சு. சாயந்திரம் லேது. கார் இடிச்சு எங்கயோ போச்சுன்னு நெனைச்சேன். ரெண்டு நாள் பொறுத்துப் பாத்தா அதிகோ, அந்தாண்ட கரை மேல, வேப்ப மரத்தாண்ட கெடக்குது. மேல ஒரு துண்டு. நாலா மடிச்சுப் போட்டுக்கறான் மகாராசன், சுடக் கூடாதுன்னு. ஜனங்களுக்கு புத்தி லேது தல்லி. நாற்காலி கொண்டாராம கல்லை உருட்டிகினு போய் குந்தறாங்க.

— இதை யாருகிட்டயும் சொல்லலையா நீங்க?

— கல்லு நகந்துச்சான்னு எவரு கேட்டாங்க? சொன்னா ஆபீசரு என்னைத்தான் திட்டுவாரு. ஒண்டியா தூக்க முடியலை, அங்கயே உட்டுட்டேன். ஏன் தல்லி, முக்கியமா அது?

— இல்லண்ணா. சும்மா கேட்டேன்.

— ஜாக்ரத்தம்மா. ஆறு கார் போயிடுச்சு, அடுத்தது ஏழு. நான் மேட்டாண்ட போறேன்.

— மாமா.

— ம்.

— அந்தத் துண்டு.

— சிவப்புக் கட்டம் போட்டது. என்னுதுதான்.

— நீங்களா?

— நான்தாம்மா. நானேதான் உருட்டினேன். எவனோ எல்லைக்கு நட்ட கல்லுன்னு நெனைச்சேன். என் புள்ளை அதைக் குறி வெச்சு எழுதிக்கறான்னு எனக்குத் தெரியாது. பிரேக்குக்கு மத்தவங்க எல்லாம் மேட்டுல இருந்து எத்தனை அடின்னு எழுதுவாங்களாம், கல்லு இல்லைன்னாலும் அவங்களுக்குக் கவலையில்ல. இவன்தான் கண்ணுல படறதை எழுதறவன். ஆறு கார் நல்லாத்தான் போச்சு. ஏழாவதா இவன் வந்தான். மேடு ஏறினதும் கல்லைத் தேடிக்கறான். கல்லு இல்ல.

— உங்களுக்கு எப்போ தெரியும்?

— காரியம் முடிஞ்ச அன்னிக்கு நீ அந்த நோட்டைப் படிச்சுகினு அழுதே பாரு, அன்னிக்கு. "வெள்ளைக்கல்லு"ன்னு நீ படிச்சே. எனக்கு அப்பவே உசுரு போயிடுச்சு.

— ஒரு வருஷம் ஊரே அவரைச் சொல்லிச்சே மாமா. தூங்கிட்டான், தவற உட்டுட்டான்னு. கேட்டுகினு சும்மாதானே இருந்தீங்க.

— இருந்தேன். பெத்த புள்ளை பேரைக் கெடுத்துட்டு சோறு துன்னுகினு இருந்தேன். உன் வயித்துல கொழந்தை, சொன்னா இன்னா ஆவுமோன்னு மொதல்ல. கொழந்தை பொறந்தப்புறம் பயம். உங்க அத்தைக்கும் தெரியாது.

— கொழந்தைக்கு இன்னா ஆவும்? கல்லை உருட்டினது நீங்கதானே. அதைச் சொல்றதுக்கு என் வயித்தை ஏன் பாக்கணும்?

— கேக்காதேம்மா.

— எதுக்கு உருட்டினீங்க மாமா? நீங்க எந்தப் பந்தயத்துலயும் குந்த மாட்டீங்களே.

— உதயா வண்டி வருது பாரு. சத்தம் கேக்குது.

— வரட்டும். சொல்லுங்க.

— நீ கேக்கலைம்மா. நீ ஒரு வார்த்தை கேக்கலை, அதை மறக்காதே. ஏழு மாச வயிறு, ரெண்டு காலும் வீங்கிப்போய் மரத்தைப் புடிச்சுகினு நின்னே. எனக்கு மனசு கேக்கலை. நானாத்தான் போய் உருட்டிகினு வந்தேன்.

— கண்ணைத் தொறங்க மாமா. வந்துட்டாரு.

— என்னால முடியாது. நீ பாரு.

— போயிட்டாரு.

— நல்லபடியாத் திருப்பினானா?

— சுத்தமாத் திருப்பினாரு.

— நல்லாருக்கட்டும். ரூபா, நான் கம்மிட்டி ஆபீசுக்குப் போறேன். கல்லை நகத்தினது நான்தான், என் புள்ளை மேல தப்பில்லன்னு எழுதிக் குடுத்துடறேன். என்னை இன்னா வேணா பண்ணிக்கட்டும். ஆனா அந்தப் பாரத்தை நீ சொமக்காதே. அது என்னுது. அவன் உன்னைத் தேடலைம்மா. கல்லைத்தான் தேடினான்.

— கல்லு மேல பொடவையைப் பரப்பிகினு குந்தி, நான்தானே மாமா அவருக்குக் கை ஆட்டிகினு இருந்தேன்.