ஊசி மாற்றுமுன்

கிராமபோன் ஊசியை ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்றிவிட வேண்டும், ஐயா. அதில் கஞ்சத்தனம் பார்த்தால் தட்டு பாழாகிவிடும். எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு பக்கம் முடிந்து புது ஊசி மாட்டுவதற்குள், கேட்டதைப் பற்றி ஆளுக்கொன்று சொல்லிவிட வேண்டும்.

கூட்டம் என்றால் மூன்றே பேர். அஸ்தம்பட்டியில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருக்கும் நான், தோல் மண்டி ஹபீப், ஓமலூர்ப் பண்ணையக்காரர் காளியண்ணன். ஏற்காட்டில் தோட்டம் வைத்திருந்த துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது தன் கிராமபோன் பெட்டியையும் நாற்பது ஜாஸ் தட்டுகளையும் ஏலத்தில் விட்டார். ஹபீப் எடுத்தான். மத்தியான வேளைகளில் அவன் மண்டியில் உட்கார்ந்து கேட்போம்.

எனக்கு நல்ல காது. கர்வமாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். ஆனால் நான் "பிரமாதம்" என்று சொல்லி முடிப்பதற்குள் ஹபீப் ஆரம்பித்துவிடுவான்.

"இந்த ஊதறவன் அழுவுற இடத்துல ஊதலைண்ணே. அழுது முடிச்சு மூக்க உறிஞ்சுற இடத்துல ஊதறான்."

பியானோக்காரனை, மாமியார் வீட்டில் சாப்பிடுகிற மருமகன் என்பான். பசி இருக்கிறதாம், காட்டிக்கொள்ளவில்லையாம். காளியண்ணன் தொடையைத் தட்டிச் சிரிப்பார். ஒரு நாள் என் முகத்தைப் பார்த்தே சொன்னார்: "ஹபீப் சொன்னாத்தானுங்க எனக்குப் பாட்டே கேக்குது. நீங்க சொல்றது பந்தியில பாயசத்தப் பத்திச் சொல்றாப்புலதானுங்க இருக்குது."

பொறாமை என்று வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளாதீர்கள். மூன்று பேர் கூடுகிற இடத்தில் ஒருவனுக்கு மட்டுமே கேட்பது நியாயமில்லை, அவ்வளவுதான்.

ஐப்பசியில் ஹபீபுக்கு முறைக்காய்ச்சல் வந்தது. டாக்டர் கொயினா எழுதினார். மருந்து கலக்குவது என் வேலை. எழுதியதைவிடத் தாராளமாகவே கலந்தேன். கொயினா மிஞ்சினால் காதில் வண்டு ரீங்கரிக்கும், பிறகு அடைத்துப்போகும். இதைக் கம்பவுண்டர்கள் எல்லோரும் அறிவார்கள். "ரொம்பக் கசக்குதுண்ணே" என்றான். கசந்தால்தான் மருந்து என்றேன். அவன் மனைவி அக்தர் பானு கதவுக்குப் பின்னாலிருந்து எனக்கு நன்றி சொல்லி அனுப்பினாள்.

கார்த்திகையில் அவனுக்குச் சுத்தமாகக் கேட்கவில்லை. எனக்கு மெய்யாகவே வருத்தமாக இருந்தது. அப்போதும் பெட்டியை அவன் முன்னால்தான் வைத்தோம். தட்டு சுழலும்போது அவன் மரத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். முடிந்ததும் சத்தமாகச் சொன்னான்:

"இந்த மத்தளக்காரன் வேணும்னே ஒரு மூச்சு தாமசமா அடிக்கிறாண்ணே. யாரோ வரணும்னு காத்துக்கிட்டு இருக்கான்."

காளியண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "காது போயும் உங்களுக்குத்தானுங்க கேக்குது!"

நான் அந்தப் பக்கத்தை மறுபடி போட்டேன். கூர்ந்து கேட்டேன். மத்தளம் மத்தளமாகத்தான் இருந்தது.

மறு வாரம் ஹபீபுக்குத் திரும்பக் காய்ச்சல். இரண்டாவது புட்டியில் நான் கலந்தது கொயினா அல்ல. மருந்து அலமாரியில் தனியாகப் பூட்டி வைத்திருக்கும் சரக்கு, சாவி என்னிடம் இருந்தது. விடிவதற்குள் முடிந்துவிட்டது. அடக்கத்துக்குப் போன ஜனாஸாவில் நானும் தோள் கொடுத்தேன்.

பெட்டியை அக்தர் பானு எனக்கே கொடுத்துவிட்டாள். வேறு யார் கேட்கப் போகிறார்கள் என்றாளாம். நாற்பது தட்டையும் இரண்டு பக்கமும் போட்டுவிட்டேன், ஊசி மாற்றி மாற்றி. இனி நிம்மதியாகக் கேட்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன். நீங்கள் படித்தவர், ஐயா. ஒரு தட்டைப் போட்டுப் பாருங்கள். அதில் என்ன கேட்கிறது என்று யாராவது எனக்குச் சொன்னால் தேவலை.