கேக் கடைக்காரன் மகளுக்குக் கேக் வேண்டாம்

மாவைப் பிசைந்து மானத்தோடு வாழும் அடுமனையாளர் சங்கத்தின் மாண்புமிகு தலைவர் அவர்களே, அடுப்பின் அனலில் ஆயுளைக் கழித்த மூத்தோர்களே, எந்தப் பிள்ளையையும் வெறும் வாயோடு அனுப்ப மனம் வராத தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டின் சிறந்த கேக் என்னுடையது என்று கேடயம் கொடுத்தீர்கள். நன்றி. அந்தக் கேக்கில் ஒரு துணுக்குகூடத் தின்னக் கூடாத ஒருத்தி என் வீட்டில் இருக்கிறாள். அதோ, முன்வரிசையில் காலாட்டிக்கொண்டிருக்கிறாளே, என் மகள்.

அவளுக்கு வலிப்பு. மாத்திரை மேல் மாத்திரை மாற்றியும் நிற்காத வலிப்பு. மருத்துவர் என்ன சொன்னார் தெரியுமா? மாத்திரையோடு உணவையும் மருந்தாக்கிப் பார்ப்போம் என்றார். மாவு கூடாது, சர்க்கரை கூடாது; வெண்ணெய், பாலாடை, முட்டை, எண்ணெய். உடம்பு சர்க்கரையை விட்டுக் கொழுப்பை எரித்தால் சில பிள்ளைகளுக்கு வலிப்பு அடங்குமாம். யாரிடம் சொல்கிறார்? மாவையும் சர்க்கரையையும் விற்றே மாடி கட்டியவனிடம்! சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். வெண்ணெய் தின்றால் உங்களுக்குத் திட்டு. மிச்சம் வைத்தால் என் மகளுக்குத் திட்டு.

என் மனைவி தராசை எடுத்தாள். ஒவ்வொரு வாய்க்கும் எடை போட்டாள். வலிப்பு குறைந்தது, பிறகு வரவே இல்லை. உள்ளே இழுத்து விழுந்துவிடுவாளோ என்று குளியலறைக் கதவுக்கு வெளியே நாங்கள் காவல் நின்ற காலம் போயிற்று.

பொறுக்குமா அன்புக்கு? என் அக்கா வந்தாள். "புள்ள மொகமே வாடிப்போச்சு, ஒரு பிஸ்கட்ல என்னடா ஆயிடப்போகுது?" என்றவள், நாங்கள் பார்க்காத நேரத்தில் ஊட்டிவிட்டாள். பிறகு பக்கத்து வீட்டம்மா. பிறகு பள்ளி வேன் ஓட்டுநர். எதிரி ஒருவன்கூட இல்லை, ஐயா! எல்லோரும் வேண்டியவர்கள். வலிப்பு திரும்பி வந்தது, பள்ளிக்கூடம் போவதும் நின்றது. கண்ணெதிரே பிள்ளைக்குக் கைகால் இழுத்தபோது அக்கா கதறினாள். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவு பயந்துபோயிருந்தேன்.

மீண்டும் முதலிலிருந்து தொடங்கினோம், மீண்டும் அடங்கியது. இது எல்லோருக்கும் பலிக்காது, மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் செய்யவும் கூடாது. நாளைக்கே வெண்ணெயை விழுங்கிவிட்டு என் வீட்டு வாசலில் வந்து நிற்காதீர்கள்.

செயலாளர் அண்ணே, கேக் தட்டோடு எங்கே போகிறீர்கள்? அவளிடமா? சின்னத் துண்டுதானாம்! இவ்வளவு நேரம் நான் யாரிடம் பேசினேன்?

இருங்கள், அவளே எழுந்துவிட்டாள். பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, நானே சொல்கிறேன்: "வேணாம் மாமா, நாளைக்கு நான் பள்ளிக்கூடம் போகணும்."

தட்டு திரும்பி வருகிறது. கைதட்டுங்கள்! கேடயத்துக்குத் தட்டியதைவிடப் பலமாகத் தட்டுங்கள்! என் மகளுக்கு இனி ஊட்டாமல் இருக்கப்போகும் அத்தனை கைகளுக்கும் என் நன்றி, வணக்கம்.