பூச்சி அறைப் புத்தகம்

வீடு மாறியவர்களுக்கு என் வேலை எளிதில் புரியும். பழைய வீட்டில் போர்வைக்கு ஓர் அலமாரி, துணிக்கு ஓர் அலமாரி. புது வீட்டில் இரண்டுக்கும் சேர்த்து ஒன்றுதான். நூலகப் பட்டியலைப் பழைய அமைப்பிலிருந்து புதிய அமைப்புக்கு மாற்றுவதும் அப்படித்தான். ஆசிரியர், தலைப்பு, பக்கங்கள், இருப்பிடம், ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். எந்தக் கட்டம் எங்கே போக வேண்டும் என்று நான் விதி எழுதுவேன், கணினி மாற்றிவிடும்.

சரிபார்ப்பவர் என் தங்கையின் கணவர். கால்புள்ளி பிசகினாலும் திருப்பி அனுப்புவார் என்பதால் அலுவலகத்தில் அவர் பெயர் கமா. திரையை நம்பமாட்டார், சந்தேகம் வந்தால் புத்தகத்தையே எடுத்துப் பக்கத்தை எண்ணுவார்.

"மச்சான், உங்க பதிவை நம்பிப் போனா அட்டை இருக்கும், உள்ள பக்கம் இருக்காது," என்பார், தங்கை பரிமாறும்போதே.

"சும்மா இருங்க, அண்ணன் சாப்பிடட்டும்," என்பாள் அவள், சிரித்துக்கொண்டே.

அந்தச் சிரிப்புதான். பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. எழுந்து நடந்தேன், உட்கார்ந்தேன், மேசைக்கடியில் கால் தானாக ஆடியது, மறுபடி எழுந்தேன்.

பூச்சி அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும், அழகான ஏற்பாடு. புழு அரித்த புத்தகங்களை அங்கே அடைத்து, காற்றை வெளியேற்றி நைட்ரஜன் நிரப்புவார்கள். வாடையே இருக்காது. பூச்சி செத்துவிடும், காகிதத்துக்கு ஒன்றும் ஆகாது. மனிதன் நுழைந்தாலும் மூச்சு முட்டுவது தெரியாது, தலை லேசாகும், அவ்வளவுதான். கதவிலிருந்த எச்சரிக்கைப் பலகையைப் பெயின்ட் அடித்தபோது கழற்றினார்கள், திரும்ப மாட்டவில்லை. உள்ளே இருக்கும் புத்தகத்தின் பதிவில் 'வாயு உள்ளது, திறக்காதே' என்று வரும். அது இல்லையென்றால் வாயுவை வெளியேற்றியாகிவிட்டது என்று பொருள். அதைப் பார்த்துத்தான் எல்லோரும் நடந்துகொள்வார்கள்.

புதிய அமைப்பில் அந்த எச்சரிக்கைக்குத் தனிக் கட்டம் இல்லை. பொதுக் குறிப்பில் சேர்த்தேன். அறைக்குள் இருந்த ஓர் அகராதிக்கு மட்டும் சேர்க்கவில்லை. அதன் பக்க எண்ணிக்கையிலிருந்தும் ஒரு சுழியத்தை எடுத்தேன். முந்நூறு பக்கம் முப்பதானது.

"முப்பது பக்கத்துல அகராதியா மச்சான்? யாருக்கு, கிளிக்கா?" என்று சாவியை எடுத்தார் கமா. "எண்ணிட்டு வந்து பேசிக்கிறேன்."

"சரி மாப்பிள்ளை," என்றேன். அன்று என் கால் ஆடவில்லை.

மாலையில்தான் அவரைத் தூக்கி வந்தார்கள். ஆம், அவர் அங்கே போக வேண்டும் என்றுதான் செய்தேன். தங்கை என் முகத்தைப் பார்ப்பதில்லை. கொஞ்ச நாளில் சரியாகிவிடுவாள். நீங்கள் கொலை என்கிறீர்கள். ஆனால் பட்டியலைப் பாருங்கள். அவரைத் தூக்கிப் போன கையோடு சுழியத்தைச் சேர்த்துவிட்டேன், எச்சரிக்கையையும் சேர்த்துவிட்டேன். இப்போது அதில் ஒரு பிழை கிடையாது. கமா இருந்திருந்தால், முதல் தடவையாக, அவரே ஒப்புக்கொண்டிருப்பார்.