எண்ணெய்க் கையோடு கத்தி எடுத்தவனும் என் மகளும்

என் பெயர் சுடலைமணி, வயது 51, தகப்பனார் பெயர் நயினார். தென்காசியில் மனைவி காளீஸ்வரி, கல்லூரியில் படிக்கும் மகள் ஜெயபிரியா, வயது 20, ஆகியோருடன் குடியிருக்கிறேன். குற்றாலம் அருவிக்கரையில் முப்பது வருடமாக எண்ணெய் மசாஜ் செய்து பிழைத்து வருகிறேன்.

கடந்த 29.06.2025-ம் தேதி காலை, கல்குவாரி முதலாளியும் கட்சிப் பிரமுகருமான தங்கசாமி வழக்கம்போல் என்னிடம் வந்து பலகையில் குப்புறப் படுத்தார். துண்டு கட்டியவர்களைத் தவிர யாரையும் அவருடைய ஆட்கள் கிட்டே விடவில்லை. அதன் பிறகு திருவேங்கடம் ஊரைச் சேர்ந்த பேச்சிராஜ், வயது 22, இடுப்பில் துண்டோடு வந்து தனக்கும் தேய்க்கச் சொன்னான். தங்கசாமி எண்ணெய் ஊறக் கிடந்த நேரத்தில் அவனுக்கு உச்சந்தலை முதல் உள்ளங்கை வரை தேய்த்தேன். அதன் பிறகு அவன் துண்டு மடிப்பிலிருந்து கத்தியை உருவி, "மலையத் தின்ன பயலே, சாவுலே!" என்று கூச்சலிட்டான். கூச்சல் மட்டும்தான் ஒழுங்காக நடந்தது. கத்தி வழுக்கி அவனுடைய கால் பெருவிரலிலேயே விழுந்தது. டீ கிளாஸைத் தொடுவதற்குக்கூட நாங்கள் சீயக்காய்ப் பொடி போட்டுக் கையைத் துடைப்போம். புரட்சி செய்ய வந்தவனுக்கு அந்த அறிவுகூட இல்லை.

தங்கசாமி ஓடிய வேகத்தில் துண்டு பலகையிலேயே கிடந்தது. அவர் பெண்கள் குளிக்கும் பக்கம் போய்ப் புகுந்தார். பேச்சிராஜை நான்தான் பிடித்து உட்காரவைத்தேன். அவன் விரலைப் பிடித்துக்கொண்டு அழுதான். அன்று மாலை தங்கசாமி, அவனைத் தானே மடக்கிப் பிடித்ததாக டிவியில் பேட்டி கொடுத்தார்.

அதன் பிறகு ஒரே வாரத்தில் அந்தக் கோமாளி பேச்சிராஜ் மாவீரன் ஆகிவிட்டான். 'வழுக்கியது கத்தி, வழுக்காது கொள்கை' என்று கல்லூரிப் பிள்ளைகள் சுவரொட்டி ஒட்டினார்கள். கட்டுப் போட்ட பெருவிரலைப் பனியனில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். என் மகளும் ஒன்று வாங்கினாள். அவள் என்னிடம் பேசுவதில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "அந்த அண்ணன நீங்க பிடிக்காட்டா தப்பிச்சிருப்பாவ. மலையத் தின்னவனுக்குத் தேய்ச்ச கைதான ஒங்க கை?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

ஆனாலும் என் வாய் அடங்கவில்லை. தினமும் சாப்பிடும்போது அவளுடைய வீரனைப் போல நொண்டிக் காட்டிச் சிரித்தேன். "ஏட்டி, கொல்ல வந்தவன் சத்தம் போடுவானா? மாலை போடுத மாதிரி சிரிச்சிக்கிட்டுல்லா கிட்டப் போவணும்" என்றேன். "பிள்ளைகிட்டப் பேசுத பேச்சா இது?" என்று மனைவி திட்டினாள். மகள் தலை குனிந்து சாப்பிட்டாள்.

இன்று 23.08.2025-ம் தேதி காலை எழுந்து பார்த்தபோது மகளைக் காணவில்லை. 'அண்ணன் செய்த தப்பை நான் செய்ய மாட்டேன்' என்று எழுதி வைத்திருந்தாள். அதன் பிறகு அவளுடைய தோழி ஷிஃபா வீட்டுக்குப் போய்க் கேட்டேன். இன்று மாலை ஆலங்குளம் கூட்டத்தில் தங்கசாமிக்கு மாலை போடும் வரிசையில் ஜெயபிரியா பெயர் கொடுத்திருப்பதாக ஷிஃபா அழுதுகொண்டே சொன்னாள்.

தங்கசாமி செத்தால் எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வராது. என் மகள் கொலைகாரியாகக் கூடாது, அவருடைய ஆட்கள் கையில் அடிபட்டுச் சாகவும் கூடாது. அதனால் நேராகக் காவல் நிலையம் வந்து சொன்னேன். கூட்டத்தில் அவளை அடையாளம் காட்ட வருவாயா என்று ஆய்வாளர் கேட்டார். வருகிறேன் என்றேன். இனி அவள் சாகும்வரை என் முகத்தில் விழிக்க மாட்டாள் என்பது தெரிந்தே சொன்னேன்.

நான் சொன்னது அத்தனையும் உண்மை. முழுவதும் படித்துக் காட்ட வேண்டாம், உடனே வண்டியை எடுங்கள் என்று நானே கேட்டுக்கொண்டு கையொப்பம் இடுகிறேன்.

(ஒப்பம்) ந. சுடலைமணி