ஆடிட் வரும் நாள்

செலண்டாரிலிருந்து மலாக்கா போகும் பஸ். எனக்கு முன்சீட்டில் ஒரு அம்மா, மடியில் எக்ஸ்ரே கவரோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கணவர், புக்கிட் ரம்பாய் பேக்டரிச் சட்டையில்.

“ஆடிட் வர்ற நாளாப் பாத்து என்னை அங்க சேத்துவிடுங்க,” என்றார் அந்த அம்மா.

“கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில ஏது ஆடிட்டு?” என்றார் கணவர்.

“அதைக் கேன்சருக்குன்னே சிறப்பு மையம்னு கவர்மெண்டு அறிவிச்சிருக்குன்னு டாக்டர் சொன்னாருல்ல?”

“ஆமா லா. ரேடியேஷன் மெஷினு, ஆராய்ச்சி, அதுக்குன்னே படிச்ச டாக்டருங்க, எல்லாம் இருந்தாத்தான் அந்தப் பேரு கெடைக்கும். சும்மா குடுத்துருவாங்களா?”

“உங்க பேக்டரிக்கும்தான் தரம்னு சர்டிபிகேட் குடுத்தாங்க. வாசல்ல பேனர் கட்டி, பிரியாணியும் போட்டாங்க. ஆடிட் வர்ற அன்னிக்கு மட்டும்தான் எல்லாரும் கிளவுஸ் போடுவோம்னு நீங்கதானே சொல்லிச் சொல்லிச் சிரிச்சீங்க?”

கணவர் தன் சட்டையிலிருந்த பேக்டரிப் பெயரைத் தடவிப் பார்த்தார்.

“நாங்க செய்யிறது பிளாஸ்டிக் வாளி, சரசு.”

“அதான் பயமா இருக்கு. வாளி ஓட்டைன்னா தூக்கிப் போட்டுருவீங்க.”

கணவர் எக்ஸ்ரே கவரை மெல்ல வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“லீவு போட்டுட்டு நானும் வரேன். தெனம் உன் கட்டில் பக்கத்துலயே நிக்கிறேன். யாரோ ஆடிட்டர்னு அவங்க நெனச்சுக்கட்டும்.”

அந்த அம்மா குனிந்து அவர் காலைப் பார்த்தார்.

“இந்தச் சிலிப்பரோடயா? எறங்குனதும் மொதல்ல ஒரு சப்பாத்து வாங்குங்க.”