இருளாயிக்குப் பேயோட்டின கத

இல்ல தம்பி, பூசாரிகிட்ட மட்டும் கூட்டிக்கிட்டுப் போயிராதீங்க. நல்ல வேள, மொதல்ல இந்தக் கிளினிக்குக்கு வந்தீங்க. ஒங்கம்மா பச்சத் தண்ணிகூடக் குடிக்க மாட்டேங்குறாங்கன்னு சொன்னீங்கள்ல? எங்க வீட்டுலயும் அப்படித்தான் தொடங்குச்சு.

அந்தா, நர்ஸ் மிஸ்ஸிகிட்டச் சிரிச்சுப் பேசிக்கிட்டு நிக்கிறா பாருங்க, அவதான் எம்பொஞ்சாதி இருளாயி. றக்வான பக்கம் தேயிலத் தோட்டம். நாப்பது வருசம் கொழுந்து பறிச்சவ. வேலைய விட்டு நின்ன மறு வருசம் பேச்சு கொறஞ்சுச்சு, அப்புறம் சாப்பாடு நின்னுச்சு. கொடலெல்லாம் அழுகிப்போச்சு, சோறு எறங்க எடமில்லன்னா. நான்தான் செத்துட்டேனே, ஏன் இன்னும் பொதைக்காம வச்சிருக்கீங்கன்னு கேட்டா தம்பி.

கடைவீதியில பிஸ்ஸுன்னாங்க, பைத்தியமாம். லயத்து வீட்டுக்காரங்க பேயின்னாங்க. அந்த மூஞ்சிகள நெனச்சாலே கொமட்டுது. பத்து வருசமா எங்க வாசப்படி மிதிக்காததெல்லாம் பேயோட்டுன அன்னைக்கி வந்து பாய் போட்டு ஒக்காந்திருச்சு, கூத்துப் பாக்க. பூசாரி மேல சாராய நாத்தம். வேப்பங்கொழையால அடிச்சான், அது கிழிஞ்சதும் பிரம்ப எடுத்தான். காஞ்ச மொளகாய நெருப்புல அள்ளிப் போட்டு, அவ மூஞ்சிய அந்தப் பொகையில அமுக்குனான். இருமி இருமி சீலையிலயே ஒண்ணுக்குப் போயிட்டா. பேய் பயந்துருச்சுன்னு சிரிக்கிறாளுக. தூ! மனுசங்களா இதுங்க? மூணு புள்ள பெத்தவ, அம்புட்டுப் பேருக்கு முன்னால மாராப்பு வெலகிக் கெடக்குறா, இழுத்து மூடிவுட ஒருத்திக்குக் கையி நீளல்ல.

அவ அழவுமில்ல. செத்தவளுக்கும் வலிக்குமான்னு மட்டும் ஒருக்காக் கேட்டா.

மறுநாள், பக்கத்து வீட்டுப் புள்ளத்தாச்சியப் பாக்க வந்த மிட்வைஃப் விஜயகலாதான் இவ முதுகுல இருந்த பிரம்படி வரியக் கண்டு கத்துச்சு. அந்தப் புள்ளையே த்ரீவீல் புடிச்சு இங்க கூட்டியாந்திச்சு. டாக்டர் சிங்களப் பொம்பள. சீயான்னு தாத்தா மொற வச்சுக் கூப்புட்டு, இது பேயுமில்ல பிஸ்ஸுமில்ல, வயசு போனா ஒடம்புக்கு வருத்தம் வர்ற மாதிரி மனசுக்கும் வரும், மருந்து இருக்குன்னாங்க. அஞ்சு கெழம, ஒரு மாசத்துக்கு மேல, வார்ட்டுல வச்சாங்க. நாலாவது கெழம கருவாட்டுக் கொழம்பு கேட்டா. கொண்டுபோய்க் குடுத்தா, உப்புக் கூடிப்போச்சுன்னு என்னைய ஏசுனா. வெளிய வந்து கக்கூசுக்குள்ள நின்னு அழுதேன்.

இப்ப நல்லாத்தான் இருக்கா. மருந்த மட்டும் விடக்கூடாதாம்.

போன மாசம் சோறு போட்டுக்கிட்டே கேட்டா. அன்னைக்கிப் பொகையில ஒண்ணுமே தெரியல்ல, என் ரெண்டு கையையும் பின்னால முறுக்கிப் புடிச்சது யாருன்னு. அடியக்கூட மறந்துட்டேன், அந்தப் புடிய மறக்க முடியல்லன்னா.

மூக்கையான்னு சொல்லிட்டேன். பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரன். செத்துப்போயிட்டான், மறுத்துப் பேச வரமாட்டான்ல. பாவிப்பயன்னு சொல்லிட்டு, எனக்கு இன்னுங் கொஞ்சம் சோறு வச்சா.

மூக்கையா அன்னைக்கி ஊருலயே இல்ல தம்பி. பூசாரியக் கூட்டியாந்தது நான்தான். இறுக்கிப் புடின்னான், புடிச்சேன்.

அவ வச்ச சோத்தையும் தின்னேன்.